பிசானத்துக்கும் தண்ணீர் வரும் வயிறு

எங்கள் ஆச்சி புகுந்த வீட்டுக்கு வந்த முதல் நாளே பெயர் வாங்கியவள். கல்யாணம் முடிந்து, பாளையங்கோட்டை வீட்டுப் பட்டாசாலையில் ஜமுக்காளம் விரித்து, மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பாலும் பழமும் கொடுத்திருக்கிறார்கள். தாத்தா வெள்ளிச் செம்பை வாங்கி உதட்டை நனைத்துவிட்டு அவளிடம் நீட்டிவிட்டார். சுற்றிலும் மதினிமார், பெரியத்தைமார். மிச்சம் வைத்தால் என்ன நினைப்பார்களோ என்று பயந்து, அரை லிட்டருக்குக் குறையாத அந்தப் பாலை மூச்சுவிடாமல் குடித்து முடித்தாள். அன்று ராத்திரி வயிறு பொருமி, கடமுடவென்று உருட்டி, விடிவதற்குள் நாலு தடவை கொல்லைக்கு ஓட்டம். மாமியார்க்காரி, கண்ணுபட்டுவிட்டது என்று மிளகாய் வத்தலும் கல்லுப்பும் சுற்றி அடுப்பில் போட்டாளாம்.

அதன்பின் அறுபது வருஷம் ஆச்சி வெறும் பாலைத் தொடவில்லை. “எனக்குப் பாலு சேராதுல” என்பாள், அவ்வளவுதான். ஆனால் மோர் குடிப்பாள், குடம் குடமாக. ராத்திரிச் சாப்பாடு தயிர் ஊற்றிப் பிசையாமல் முடியாது. பருப்புக்கு நெய் ஒரு கரண்டி கூடவே வேண்டும். எங்கள் அம்மாவுக்கு இது பெரிய எரிச்சல். “பாலு சேராதாம், அதே மாட்டு மோரு மட்டும் சேருமாம்” என்று அடுக்களைக்குள் முணுமுணுப்பாள். மாமியாருக்கு நடிப்பு என்பது அம்மாவின் தீர்ப்பு. ரொம்ப காலம் நானும் அம்மா கட்சிதான்.

இதில் ஒரு வேடிக்கை. பால் பால் என்று நெல்லைச் சீமை பெருமையடித்துக்கொள்ளும் பதார்த்தங்களில் மாட்டுப் பாலே கிடையாது. மறுவீட்டு விருந்தில் மணக்கிற சொதியில் இருப்பது தேங்காய்ப் பால். நெல்லையப்பர் கோயில் பக்கம் வரிசையில் நின்று வாங்குகிற அல்வா, கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பால். மிச்சமெல்லாம் சீனியும் நெய்யும். மாட்டுப் பாலைச் சுண்டக் காய்ச்சித் தின்ன வேண்டுமென்றால் வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டும். இதை வைத்து நான் எதையும் நிரூபிக்க வரவில்லை. ஆச்சி சொதிக்கும் அல்வாவுக்கும் இலையை நீட்டுவாள், பால்கோவாப் பொட்டலத்தைக் கண்டால் “உங்க தாத்தாவுக்குக் கொடு” என்பாள் என்பதைச் சொல்லி வைக்கிறேன்.

ஆனால் இந்தக் கதைக்கு நாயகி ஆச்சி இல்லை. நாயகன் ஓர் எழுத்து. டி.என்.ஏ.வின் அரிச்சுவடியில் ஏ, சி, ஜி, டி என நாலே எழுத்துகள். அவற்றை மாற்றி மாற்றி அடுக்கி ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள் கொண்ட ஒரு சுவடி. அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, அப்பாவிடமிருந்து ஒரு பிரதி என்று இரண்டு நமக்கு. அதில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் உலகத்தில் பெரும்பாலோருக்கு ‘சி’ இருக்கிறது. சிலருக்கு மட்டும் ‘டி’. குடிக்கிற டீ இல்லை. ஆனாலும் டீயில் ஊற்றுகிற பாலுக்கும் இதற்கும் நெருங்கிய சொந்தம் உண்டு. அந்த டி பிறந்து, மாடு மேய்ப்பவர்களோடு கண்டம் கடந்து, தேய்ந்து தேய்ந்து பொதிகை அடிவாரம் வரை வந்த வரலாற்றைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் பால். அதன் இனிப்புக்குப் பெயர் லாக்டோஸ். 100 மில்லி பசும்பாலில் 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு. தாய்ப்பாலில் அதைவிடக் கூடுதல், 7 கிராம் வரும். குளுக்கோஸும் கேலக்டோஸும் கைகோத்து நிற்கிற சர்க்கரை அது. சிறுகுடலின் சுவர் ஜோடியாக வருகிறவர்களை உள்ளே விடாது. பிரித்துத்தான் அனுப்ப வேண்டும். பிரித்துவிடுவது லாக்டேஸ் என்ற நொதி. அது இல்லாவிட்டால் லாக்டோஸ் அப்படியே பெருங்குடலுக்கு இறங்கும். அங்கே காத்திருக்கிற பாக்டீரியாக்களுக்குக் கொடை விருந்து. அவை தின்று ஹைட்ரஜன் முதலான வாயுக்களை விடும். செரிக்காத சர்க்கரை தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துக்கொள்ளும். ஆச்சியின் முதல் ராத்திரி அப்படித்தான் கழிந்தது. அந்த ஹைட்ரஜன் ரத்தத்தில் கலந்து மூச்சில் வெளிவருவதால், ஆஸ்பத்திரியில் ஊதச் சொல்லியே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

தாமிரபரணிப் பாசனக்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். கார், பிசானம் என்று இரண்டு பூ நமக்கு. காருக்குத் தண்ணீர் ஜூனில் வரும். ஐப்பசி மழை வாய்த்தால் பிசானத்துக்கும் வரும். பாலூட்டிகளின் வயிறு காருக்கு மட்டும் தண்ணீர் வருகிற வயல். கன்றுக்குட்டி, பூனைக்குட்டி, மனிதக்குட்டி எல்லாவற்றுக்கும் பிறக்கும்போது லாக்டேஸ் ஓடும். பால்குடி மறந்தபின் மெல்ல வற்றும். உலகத்தின் வளர்ந்த மனிதர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் பிசானத்துக்கும் வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. வற்றிப்போவதுதான் ஆதி வழக்கம், ஓடிக்கொண்டே இருப்பதுதான் விதிவிலக்கு. பால் உத்தமமான உணவு என்று பாடப் புத்தகம் எழுதியவர்கள் இதை ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

சரி, வற்றுகிறவருக்கு லாக்டேஸ் ஜீன் கெட்டுப்போயிருக்கிறதா? அப்படித்தான் முதலில் தேடினார்கள். இரண்டாவது குரோமோசோமில் இருக்கிறது அந்த ஜீன். பால் சேர்கிறவர், சேராதவர் இருவருடைய ஜீனையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தபோது, வித்தியாசத்துக்கான காரணம் அதற்குள் அகப்படவில்லை. நிலம் ஒன்று, விதை ஒன்று. ஆனால் ஒரு வயல் காய்கிறது, ஒரு வயல் விளைகிறது. அப்படியென்றால் கோளாறு வயலில் இல்லை, மதகில்.

மதகு அகப்பட்டது பின்லாந்தில். நபில் எனாட்டா, லீனா பெல்டோனன் குழுவினர் ஹெல்சிங்கியில் ஒன்பது பெரிய குடும்பங்களின் டி.என்.ஏ.வை அலசி 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். லாக்டேஸ் ஜீன் தொடங்குகிற இடத்திலிருந்து 13,910 எழுத்துகள் முன்னால் தள்ளி, அங்கே சி இருந்தால் வற்றும், டி இருந்தால் வற்றாது. இரண்டு பிரதியில் ஒன்றில் டி இருந்தாலே போதும். இன்னும் விசேஷம், அந்த இடம் லாக்டேஸுக்குச் சொந்தமான இடமே இல்லை. எம்.சி.எம்.6 என்ற பக்கத்து வீட்டு ஜீனின் உள்ளே, அதுவும் அந்த ஜீன் தனக்கு வேண்டாமென்று வெட்டி எறிகிற ஒரு துண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு வேலை செல் பிரியும்போது டி.என்.ஏ.வைப் பிரதியெடுக்க உதவுவது. பாலுக்கும் அவருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது.

பாளையங்கோட்டைக்காரனுக்கு இது ஆச்சரியமாக இருக்கக்கூடாது. பாளையங்கால்வாயின் தலைமதகு பாளையங்கோட்டையிலா இருக்கிறது? மேற்கே பழவூர் அணைக்கட்டில். நடுவே மேலச்செவல், முன்னீர்ப்பள்ளம், மேலப்பாளையம் என்று எத்தனை ஊர்! பழவூரில் லஸ்கர் ஷட்டரை ஏற்றாமல், இங்கே கடைமடையில் மண்வெட்டியோடு நின்று சத்தம் போட்டு ஒரு பயனும் இல்லை. நம் சுவடியில் புரதம் செய்யக் குறிப்பு எழுதியிருக்கிற பகுதி 2 சதவீதத்துக்கும் குறைவு. மிச்சத்தைக் குப்பை என்றுகூட ஒரு காலத்தில் சொன்னார்கள். அந்தக் குப்பைக்குள்தான் லட்சக்கணக்கான மதகுகள். ஜீன்களோ சுமார் இருபதாயிரம். வயலைவிட மதகு அதிகம்.

இந்தத் தூரத்து மதகுகளுக்கு என்ஹான்சர் என்று பெயர். அதைக் கண்ட வரலாறு 1981, சூரிச் நகரம். ஜூலியன் பானர்ஜி, சாண்ட்ரோ ருஸ்கோனி, வால்டர் ஷாஃப்னர் மூவரும் முயலின் ரத்தப் புரத ஜீன் ஒன்றை எடுத்து, குரங்கு வைரஸ் ஒன்றின் டி.என்.ஏ. துண்டை அதோடு சேர்த்து வைத்தார்கள். ஜீன் 200 மடங்கு வேகமாக வேலை செய்தது. துண்டை 1,400 எழுத்து முன்னால் வைத்தாலும் சரி, 3,300 எழுத்து பின்னால் வைத்தாலும் சரி. தலைகீழாகத் திருப்பி வைத்தாலும் சரி. எந்தப் பாசன இன்ஜினீயரும் நம்பமாட்டார். மதகை ஆற்றின் கீழ்ப்பக்கம் வைத்து மேட்டு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற கதை அல்லவா?

இங்கேதான் என் கால்வாய் உவமை கவிழ்கிறது. மதகிலிருந்து ஏதோ ஒன்று டி.என்.ஏ. நூல் வழியாகவே ஊர்ந்து ஜீனுக்கு வரும் என்றும் சிலர் கருதினார்கள், வாய்க்கால் தண்ணீர்போல. பின்னால் பெரும்பாலும் தேறியது வேறு. உவமைக்கு நான் பழவூரை விட்டுவிட்டுப் பத்தமடைக்குப் போகிறேன். பத்தமடைப் பாயை விரித்துப்போட்டால் தலைமாடும் கால்மாடும் ஆறடி தள்ளி. சுருட்டினாலோ தலைமாட்டுக் கோரை கால்மாட்டுக் கோரையைத் தொடுகிறது. தலைமாட்டில் ஈரச்சாயம் இருந்தால் கால்மாட்டில் ஒட்டும். இடையில் இருக்கிற பாய் நனைய வேண்டியதில்லை. சாயம் எந்தப் பக்கம் பார்த்திருந்தாலும் கவலையில்லை.

ஒரு செல்லின் டி.என்.ஏ.வை நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர். அது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத உட்கருவுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. சுருளாமல் எப்படி? கோஹீசின் என்ற வளையம்போன்ற புரதம் நூலைப் பிடித்துக் கண்ணி கண்ணியாக இழுத்து விடுகிறது. 14 ஆயிரம் எழுத்து தள்ளியிருந்த மதகு, கண்ணி மடங்கும்போது ஜீனின் வாசலுக்கே வந்துவிடும். வந்தால் மட்டும் போதாது, சாவி வேண்டும். குடல் செல்லில் மட்டும் ஊறுகிற சி.டி.எக்ஸ்.2 போன்ற புரதங்கள் மதகில் வந்து ஒட்டுகின்றன. நகத்துச் செல்லிலும் லாக்டேஸ் ஜீன் இருக்கிறது, மதகும் இருக்கிறது; சாவிக்காரர்கள் அங்கே இல்லை. அதனால் நகம் பாலைச் செரிக்கப் பார்ப்பதில்லை. நம் டி வருவது இந்த இடத்தில்தான். சி இருந்த இடத்தில் டி வந்தபின், ஆக்ட்-1 என்ற சாவிக்காரருக்குப் பிடி பலமாக அகப்படுகிறது. அவர் வலுவாகப் பிடித்துக்கொள்ள, மதகின் வேகம் கூடுகிறது. 2003-இலும் 2005-இலும் வந்த ஆய்வுகள் இதைச் சோதனைக் குழாயில் காட்டின.

பிறகு ஏன் சி இருக்கிற குழந்தைக்கும் பால் செரிக்கிறது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பச்சைக் குழந்தையில் சி மதகும் திறந்தே இருக்கிறது. வயது ஏற ஏற அதன்மேல் மெத்தில் என்ற சின்ன ரசாயன ஒட்டு படிகிறது. கால்வாய் தூர்ந்துபோவது மாதிரி வருஷத்துக்கு வருஷம் வண்டல் ஏறி, கடைசியில் ஷட்டரே அசையாது. டி இருக்கிற பிரதியில் அந்தத் தூர் அவ்வளவாகப் படிவதில்லை. 2016-இல் வெளியான ஆய்வு இதை விளக்கியது. எழுத்து பிறப்பிலேயே எழுதப்பட்டது. ஆனால் அதன் பலன் வெளிப்படப் பால்பல் விழுகிற வயதாகிறது.

தூரத்து மதகின் சங்கதி பாலோடு நிற்பதில்லை. நம் ஊரில் ஆறாவது விரலோடு பிள்ளை பிறந்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். கட்டைவிரல் பக்கம் கூடுதலாக விரல் முளைக்கும் குடும்பங்கள் சிலவற்றில், காரணம் ஒற்றை எழுத்து மாற்றம். அது இருக்கும் மதகு, தான் ஆள்கிற ஜீனிலிருந்து ஏறக்குறைய 10 லட்சம் எழுத்து தள்ளி இருக்கிறது. இங்கும் வேறொரு ஜீனின் வயிற்றுக்குள்தான். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே வீட்டு ஆறுவிரல் பூனைகளுக்கும் அதே மதகில்தான் எழுத்துப் பிழை. மதகை வைத்து வைத்தியமும் நடக்கிறது. நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் அணு ரத்தசோகையின் கூறு இருப்பதை 1952-இல் லேமனும் கட்புஷும் எழுதினார்கள். அந்த நோய்க்கு 2023-இல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற கேஸ்ஜெவி சிகிச்சை, கோளாறுள்ள ஜீனைத் தொடுவதே இல்லை. பி.சி.எல்.11.ஏ. என்ற ஜீனின் மதகை, ரத்த மூலச் செல்லில் மட்டும் வெட்டிவிடுகிறது. கருவில் இருந்த காலத்து ஹீமோகுளோபினை அடக்கிவைப்பது அந்த ஜீன்தான். அது தளர்ந்ததும் பழைய ஹீமோகுளோபின் மறுபடி ஊறுகிறது. வயலில் கைவைக்காமல் ஷட்டரில் கைவைக்கிற வைத்தியம்.

நம் எழுத்தின் பயணத்துக்கு வருவோம். புதைகுழி எலும்புகளில் இதைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் விவசாயம் புகுந்த காலத்து மனிதர்களின் எலும்பில் டி இல்லை. கி.மு. 4700-க்குச் சற்றுப் பின்னால் முதல்முறை தலைகாட்டுகிறது. பரவலாவதற்கு இன்னும் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. ஆனால் பால்? வடமேற்குத் துருக்கியின் மண்பானைச் சில்லுகளில் ஒன்பதாயிரம் ஆண்டுக்கு முந்தைய பால் கொழுப்பின் தடம் இருக்கிறது. அதாவது மனிதன் பாலைக் கறக்கத் தொடங்கிப் பல ஆயிரம் ஆண்டு கழித்துத்தான் அவன் வயிறு அதற்கு ஒப்புக்கொண்டது. இந்த இடைவெளியை எப்படித் தாண்டினார்கள்? ஆச்சி தாண்டிய மாதிரியேதான்.

தயிராக உறையும்போது பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன. மிச்சத்தைப் பிரிக்கிற நொதியையும் தங்களோடு கொண்டுவருகின்றன. நம் குடலுக்குள் இறங்கியபின்னும் நமக்காக அவை வேலை பார்க்கும். மோரில் தண்ணீர் விட்டுப் பெருக்குவதால் மேலும் குறையும். நெய்யில் லாக்டோஸ் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆச்சியின் தட்டில் இருந்தது நடிப்பு அல்ல, கணக்கு. குஜராத்தில் கோட்டடா பாத்லி என்ற ஹரப்பா காலத்துச் சிற்றூரின் பானைச் சில்லுகளை ஆராய்ந்து, ஏறக்குறைய 4,500 ஆண்டுக்கு முன் அங்கே பாலைப் பக்குவம் செய்தார்கள் என்று 2020-இல் எழுதினார்கள். நம் டி இந்தியாவுக்குள் நுழைவதற்கு முந்தைய காலம் அது. உறைமோர் முந்தி, எழுத்து பிந்தி.

எழுத்து வந்த வழி? காஸ்பியன் கடலுக்கு வடக்கே புல்வெளியில் மாடும் ஆடும் குதிரையும் மேய்த்தவர்களின் வழித்தோன்றல்கள் கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டில் தெற்காசியாவுக்குள் வந்து கலந்தார்கள் என்பது 2019-இல் பழைய டி.என்.ஏ. கொண்டு விரிவாகக் காட்டப்பட்டது. அந்தக் கலப்பின் சாமான் மூட்டையில் ஒன்றுதான் இந்த டி. இந்தியாவில் தனியாக ஒன்று முளைத்திருக்குமோ என்ற நப்பாசை பலருக்கு இருந்தது. மாட்டைச் சிந்துப் பக்கமே தனியாகப் பழக்கியவர்கள் நாம். பால் பிசானமும் நமக்குத் தனியாக வந்திருக்கலாம் அல்லவா? கேம்பிரிட்ஜின் ஐரீன் காலேகோ ரொமேரோவும், ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் லால்ஜி சிங், தங்கராஜ் முதலானவர்களும் சேர்ந்து 2,284 பேரின் டி.என்.ஏ.வைப் பார்த்து 2012-இல் விடை சொன்னார்கள். ஐரோப்பாவில் இருக்கிற அதே டி. அதே என்று எப்படித் தெரியும்? தனியாக வரவில்லை அது; தன்னைச் சுற்றியிருந்த 10 லட்சம் எழுத்துகளுக்கு மேற்பட்ட வரிசையை அப்படியே சுமந்துகொண்டு வந்திருக்கிறது. பெட்டியும் படுக்கையும் ஒன்றாக இருந்தால் புறப்பட்ட வீடும் ஒன்றுதானே.

வேறு ஊர்களில் வேறு எழுத்துகள் முளைத்ததும் உண்டு. ஒட்டகப்பால் குடிக்கிற அரேபியாவில் 13,915-ஆவது இடத்தில். தான்சானியா, கென்யா மேய்ப்பர்களிடம் 14,010-இல். எல்லாம் அதே மதகு, நூறே எழுத்து அகலத்துக்குள். இந்தியாவில் ஏறக்குறைய எல்லாமே அந்த இறக்குமதி டி-தான்.

நுழைந்தபின் அது நடந்த தடம் வடமேற்கில் அடர்த்தி, தென்கிழக்கே வரவரத் தேய்வு. எழுத்தைப் படிக்கத் தெரியாத காலத்திலேயே வயிறு இதைச் சொல்லிவிட்டது. 200 பேருக்கு லாக்டோஸ் கொடுத்துச் சோதித்த ஆய்வொன்று 1981-இல் வந்தது. டெல்லியில் சேராதவர்கள் 27.4 சதவீதம், பொதிகைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்திலும், புதுச்சேரியிலுமாக 66.6 சதவீதம். சூரிச்சில் தூரத்து மதகைக் கண்ட அதே வருஷம். ஒன்றுக்கு மற்றொன்று விளக்கம் என்று தெரிய இன்னும் இருபது வருஷம் கிடந்தது.

தெற்கே தேய்ந்துகொண்டே வந்த டி ஓரிடத்தில் மட்டும் குபீரென்று உயர்கிறது. நீலகிரித் தோடர்கள். வளைந்த நீண்ட கொம்பு எருமைகளை வளர்த்து, பால்மடமே கோயிலாகவும், பால் கறப்பவரே பூசாரியாகவும் கொண்ட சின்னஞ்சிறு சமூகம். ஏறக்குறைய 8,000 பேரின் மரபுச் சுவடிகளை வைத்துச் செய்த அண்மைய ஆய்வில், தெற்காசியாவில் மற்ற எல்லோருக்கும் இந்த டி-யின் அளவு அவர்களிடம் உள்ள புல்வெளிக் கலப்பின் அளவோடு ஒத்துப்போகிறது. தோடர்களும் பாகிஸ்தான் குஜ்ஜர்களும் மட்டும் கணக்கை மீறுகிறார்கள். அங்கே டி வந்தது மட்டுமல்ல, வைத்திருந்தவர்கள் தழைத்திருக்கிறார்கள். பாலே பிழைப்பான இடத்தில் அது வேரூன்றியது. நெல்லும் மோருமாக இருந்த சமவெளியில் விருந்தாளியாகவே நின்றுவிட்டது. என் வாசிப்பு இது.

ஐரோப்பாவில் ஏன் அத்தனை வேகமாகப் பரவியது என்பதற்கு 2022-இல் ஒரு கூட்டம் ஆய்வாளர்கள் கொஞ்சம் இருண்ட விடை ஒன்றைச் சொன்னார்கள். சாதாரண காலத்தில் பால் சேராதவருக்கு வயிற்றுப் பொருமலோடு போகும். பஞ்சத்திலோ கொள்ளைநோயிலோ, ஏற்கெனவே நொந்துபோன உடம்புக்கு அந்தப் பேதியே எமனாகும். அப்படிப்பட்ட காலங்களில்தான் எழுத்து சல்லடையாக வேலை செய்திருக்கும் என்கிறார்கள். தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்களுக்கு இது புத்தக விஷயமாகத் தோன்றாது.

இன்றைக்குப் பாளையங்கோட்டையில் விடிகாலை ஆவின் பூத்தில் நிற்கிறேன். பாக்கெட்டுகள் நிறம் நிறமாக. “எம்மவளுக்குக் கொழுப்புப் பாலு சேரமாட்டேங்குது அண்ணாச்சி, நீலத்தையே கொடுங்க” என்கிறார் ஓர் அம்மா. கொழுப்புதான் நிறத்துக்கு நிறம் மாறும். லாக்டோஸ் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றே. பால் அலர்ஜி என்று சொல்லிக்கொள்கிறவர்களில் பலருக்கு அது அலர்ஜியும் இல்லை. அலர்ஜி என்பது பாலின் புரதத்தோடு உடம்பு போடுகிற சண்டை, அதற்குத் தயிரும் ஆகாது, டாக்டரைப் பார்க்க வேண்டும். இது வெறும் சர்க்கரைக் கணக்கு. மதகு மூடியவர்களிலும் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை, அதாவது ஒரு டம்ளர் பால்வரை, பெரிய உபத்திரவம் இல்லாமல் தாங்குவார்கள். காப்பியில் விடுகிற பால் அதற்கு ரொம்பக் கீழே. ஆச்சியும் காலையில் காப்பி குடித்தவள்தான். அம்மாவின் குற்றப்பத்திரிகையில் அதுவும் ஓர் ஆதாரமாக இருந்தது. அவளைக் கவிழ்த்தது அந்தக் கல்யாணச் செம்பு, 25 கிராம் ஒரே மூச்சில்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அத்தை பாவம், சொல்லத் தெரியல” என்றாள்.

உங்கள் வீட்டில் இனி ஒரு கல்யாணம் வந்தால், பாலும் பழமும் கொடுக்கிற நேரத்தில் புதுப்பெண்ணோ மாப்பிள்ளையோ ஒரு மடக்கோடு செம்பைக் கீழே வைத்தால், வைத்துவிட்டுப் போகட்டும். “முழுசும் குடிம்மா” என்று சுற்றி நின்று பார்க்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் இலை போடுவீர்கள், கடைசியில் மோர் வரத்தானே போகிறது.